ஓசையும் கூரையும்

மலையகத்தில் தப்பு வாசிப்போர், வாசிக்கத் தொடங்குமுன் தீ மூட்டுவர். சருகும் காய்ந்த தேயிலை மிலாறும் இட்டு வளர்த்த தீயில் தப்பின் முகத்தைக் காட்டி, விரலாற் சுண்டிச் சுண்டிப் பார்த்து, தோல் இறுகி உரிய ஓசை எழுந்த பின்னரே குச்சியைக் கையில் எடுப்பர். மே மாதம் தொட்டுச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பொழியும் அட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளில் இது தவிர்க்க இயலாத வேலை. ஈரம் தோலைத் தளர்த்திவிடும். தளர்ந்த தோலிலிருந்து ஓசை பிறவாது. ஒரு கருவியின் தரத்தை எவ்வாறு அறிவது என்ற பாடத்தை இம்மக்கள் எந்நூலிலும் கற்றாரல்லர். மழையும் தீயுமே அதனை அவர்களுக்குக் கற்பித்தன.

இத்தகைய தப்புக் கலைஞர் ஒருவரின் பேரன், நோர்வூட்டுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றின் லயத்திலிருந்து பேராதனைக்குப் பயில வந்தவன், ஒரு கிற்றார் வாங்க விரும்பினான். அவ்விருப்பத்தை நிறைவேற்ற அவன் செய்த ஆராய்ச்சியும், அவ்வாராய்ச்சியில் இடம்பெறாது போன ஓர் உண்மையுமே இங்குக் கூறப்படுவன.

கிற்றார் மலையகத்துக்குப் புதிய கருவியன்று. 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப்பிசைப் பாடல்கள் இலங்கை வானொலி வழியாக லயங்களையும் எட்டின. தேவாலயப் பாடற்குழுக்களிலும் கல்யாண வீட்டு இசைக்குழுக்களிலும் அக்கருவி இடம் பெற்றது. அவ்விளைஞன் முதன்முதற் பழகிய கிற்றார், பழைய பொருட்கடை ஒன்றில் வாங்கப்பட்டது; அதன் தலையிலிருந்த பெயர் அழிந்து போயிருந்தது. கழுத்து வளைந்து, கம்பிகள் விரற்பலகையினின்றும் வெகுவாக உயர்ந்து நின்றன. அவற்றை அழுத்தி அழுத்தி அவன் விரல் நுனிகள் புண்ணாயின. இரவில் சுருதி கூட்டி வைத்தால் விடியும்போது சுருதி விலகியிருக்கும். தன் கைகளில்தான் குறையுண்டு என்று ஈராண்டுகள் அவன் நம்பினான். பல்கலைக்கழக விடுதியில் நண்பன் ஒருவனின் கிற்றாரை வாங்கி வாசித்தபோது, அதே சுரக்கோவை பாதி முயற்சியில் ஒலித்தது. அன்றுதான் அவனுக்கு உண்மை விளங்கிற்று. செம்மையாகச் செய்யப்படாத கருவி, தன் குறையைப் பழகுவோனின் குறையாகக் காட்டிவிடும்.

அவன் கிற்றாரை விரும்பியதற்கு இசையார்வம் மட்டுமே காரணம் என்று கூறுதல் முழு உண்மையாகாது. அவனுடைய தாத்தா இளமையில் விடியற்காலைப் பெரட்டுக்குத் தப்படித்தவர். பின்னர்த் திருவிழாவுக்கும் சாவுக்கும் காமன் கூத்துக்கும் அடித்தவர். பாடசாலை நாட்களில் "தப்புக்காரன் பேரன்" என்ற சொல் எள்ளலாக அவன் செவியில் விழுந்ததுண்டு. தோலும் தீயும் சாவு வீடும் நினைவுக்கு வராத ஒரு கருவி, உலகறிந்த ஒரு பெயரைத் தலையில் தாங்கிய கருவி அவனுக்கு வேண்டியிருந்தது.

ஆகவே அவன் ஒரு குறிப்பேட்டைத் திறந்து, கிற்றார் செய்யும் நிறுவனங்களை வரிசைப்படுத்தலானான். முதலிடம் மார்ட்டினுக்கு. ஜெர்மனியிலிருந்து 1833இல் நியூயோர்க் சென்ற சீ. எப். மார்ட்டின் தொடங்கிய நிறுவனம் அது. முகப்பலகையின் உட்புறத்தில் பெருக்கற் குறி வடிவிற் சட்டங்களை இணைக்கும் முறை, இந்நிறுவனத்தின் கருவிகளில் 1840களிலேயே காணப்பட்டது. உருக்குக் கம்பிகள் வழக்குக்கு வந்தபோது அம்முறையே கைகொடுத்தது. ஏனெனில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பாக முகப்பலகையை இழுக்கின்றன. 'ட்ரெட்நோட்' என்ற போர்க்கப்பலின் பெயர் தாங்கிய அகன்ற உடற்கட்டும் மார்ட்டின் வழியாகவே உலகில் பரவியது. அடிக்குரல் நிறைந்து முழங்குதல் அதன் இயல்பு.

அடுத்தது கிப்சன். 1902இல் அமெரிக்காவின் கலமசூ நகரில் நிறுவப்பட்டது. 1942இல் வெளிவந்த அதன் ஜே 45 என்ற கிற்றார், மஹோகனி உடலும் சரிந்த தோளும் உடையது. நீண்டு அதிராது சுருங்க முடியும் அதன் ஓசை, பாடுவோர் குரலுக்கு இடம்விட்டு நிற்பது. 1974இல் கலிபோர்னியாவில் தோன்றிய டெய்லர், கழுத்தைப் பசையால் ஒட்டாது திருகாணியாற் பூட்டும் முறையால் அறியப்பட்டது; கழுத்தின் சாய்வு பிழைத்தால் எளிதிற் கழற்றித் திருத்தலாம். அதன் ஓசை தெளிவும் மேற்சுர ஒளியும் உடையது என்பர். யப்பானின் யமஹா, 1887இல் ஓர் ஓர்கனைப் பழுதுபார்த்த தொரகுசு யமஹாவின் முயற்சியிலிருந்து வளர்ந்தது. 1966இல் அது வெளியிட்ட எப்ஜி 180 ஒட்டுப்பலகையாற் செய்யப்பட்டதாயினும், அளவு பிசகாத வேலைப்பாட்டால் மாணவர்களின் கருவியாயிற்று. இந்தியாவின் கல்கத்தாவிலிருந்து வரும் கிவ்சன், குறைந்த விலையால் பலருடைய முதற் கிற்றாராக அமைந்தது.

இவ்வரிசையை எழுதி முடித்தபோது அவன் ஒன்றைக் கவனித்தான். ஒரே பெயரின் கீழ் வேறுபட்ட கருவிகள் இருந்தன. யமஹாவின் எப் 310 ஒட்டுப்பலகை முகம் கொண்டது. எப்ஜி 800 தனிப்பலகை முகம் கொண்டது. மார்ட்டினின் எக்ஸ் வரிசையில், உயரழுத்தத்தில் ஒட்டிய செயற்கைத் தகட்டாலான உடலுடைய கிற்றார்கள் உண்டு. ஆகவே 'எந்தப் பெயர் சிறந்தது' என்ற வினா அரைகுறை வினாவாக அவனுக்குத் தோன்றிற்று. முகம் தனிப்பலகையா ஒட்டுப்பலகையா, கழுத்து நேராக உள்ளதா, முடுக்காணிகள் வழுக்காது பிடிக்கின்றனவா என்பனவே முதலிற் கேட்கத்தக்கன.

மரங்களைப் பற்றிய பக்கத்தை எழுதும்போது அவன் வியப்புற்றான். மார்ட்டினின் புகழ்பெற்ற டி 28 கிற்றாரின் பின்பலகைக்கும் விலாப்பலகைக்கும் நெடுங்காலம் பிரேசில் நாட்டு மரம் பயன்பட்டது. அது கிடைத்தற்கு அரிதானபோது, 1969இலிருந்து அந்நிறுவனம் இந்திய ஈட்டி மரத்துக்கு மாறியது. தோதகத்தி எனவும் வழங்கும் அம்மரம் நீலகிரி, வயநாடு, குடகு மலைகளில் வளர்வது. விரற்பலகைக்கு உயர்வாகக் கருதப்பட்ட கரிய மரங்களுள் ஒன்று, 'சிலோன் எபனி' என உலகச் சந்தை அழைத்த நம் நாட்டுக் கருங்காலி. தமிழர் வாழ்ந்த நிலங்களின் மரம் கடல்கடந்து சென்று, வேறொரு பெயர் பொறிக்கப்பட்டு, எட்டாத விலையில் கடைக்கு வருகின்றது.

தேயிலைத் தோட்டத்திற் பிறந்தவனுக்கு இது அறியாத கதையன்று. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டார். 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிற்று. ஏலத்திற் சுவைப்போர் கிண்ணங்களில் ஊற்றிய சாற்றை உறிஞ்சி உமிழ்ந்து, நாவின் துணைகொண்டு விலை மதிப்பர். அங்கே தோட்டத்தின் பெயராவது உண்டு. அப்பாற் சென்று பிற தேயிலையோடு கலந்து பொதியாகும்போது, வணிகரின் பெயர் ஒன்றே எஞ்சும். கொழுந்து பறித்தவளின் பெயர் எக்கட்டத்திலும் இல்லை. அவன் தாய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பறித்த கொழுந்தை எப்பெயரில் யார் பருகினர் என்பதை அவள் அறியாள்.

பெயரை மறைத்தால் செவி என்ன கூறும் என்ற வினாவுக்கு இருவர் விடை தேடியிருந்தனர் என்பதையும் அவன் கண்டான். ஸ்பெயின் நாட்டுக் கருவியாளர் அந்தோனியோ தெ தொரெஸ், 1862இல் பின்பலகையையும் விலாவையும் தாளட்டையாற் செய்து, முகத்துக்கு மட்டும் நல்ல மரத்தை இட்டு ஒரு கிற்றாரை அமைத்தார். ஓசையின் உயிர் முகப்பலகையிலேயே உள்ளது எனக் காட்டுவது அவர் நோக்கம். 2018இல் வெளிவந்த ஆய்வொன்றில், இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர், பின்புற மரத்தில் மட்டும் வேறுபட்ட ஆறு கிற்றார்களை 52 வாசிப்போரிடம் கொடுத்தனர். மங்கிய ஒளியில், கருமையான கண்ணாடி அணிந்து அவர்கள் வாசித்தனர். விலையுயர்ந்த மரத்துக்கும் மலிந்த மரத்துக்கும் இடையே, ஓசையின் தரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை அவர்களது மதிப்பீடுகள் காட்டவில்லை.

இவ்வளவும் எழுதியபின் அவன் விலையைப் பார்த்தான். மார்ட்டினும் கிப்சனும் கனவில் மட்டும் வாங்கத்தக்கன. நடுத்தரக் கிற்றார் ஒன்றின் விலையே, தோட்டத்தில் ஒருத்தி இரண்டு மாதத்துக்கு மேல் வேலை செய்து பெறும் கூலி. அந்நாட்கூலி 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அவ்வாண்டு ஓய்வு பெற்ற தாய்க்கு ஊழியர் சேமலாப நிதிப் பணம் வந்தது. கூரைத் தகரம் மாற்ற வேண்டும், பழைய கடன் தீர்க்க வேண்டும் என்றிருந்தும், அதில் ஒரு பகுதியை எடுத்து அவன் கையில் வைத்தாள். "படிக்கிற புள்ள, ஆசப்பட்டுக் கேட்டது இது ஒன்னுதான். தனியாப் போவாத தம்பி, தாத்தாவக் கூட்டிட்டுப் போ," என்றாள். அவன் விருப்பமின்றியே இசைந்தான்.

கண்டியில் அக்கடைக்குள் முதியவர் வெள்ளை வேட்டியும் பழைய கோட்டுமாக நுழைந்தார். கடைக்காரர் மரியாதையுடன், "ஐயா சங்கீதம் படிச்சவரா?" என்று கேட்டார். முதியவர் வாய் திறக்குமுன் பேரன் முந்திக்கொண்டு, "இல்லை, துணைக்கு வந்தவர்," என்றான். முதியவர் ஒன்றும் கூறாது ஒரு முக்காலியில் அமர்ந்தார்.

மூன்று கிற்றார்கள் எடுத்து வைக்கப்பட்டன. முதலாவது முழுவதும் ஒட்டுப்பலகை. இரண்டாவது தனிப்பலகை முகமுடையது. மூன்றாவதும் தனிப்பலகை முகமுடையதே, பின்புறம் ஈட்டி மரமாதலால் ஏறக்குறைய இருமடங்கு விலை. அவற்றின் பெயர்களை இங்குக் கூற வேண்டியதில்லை. முதியவரும் அவற்றைக் கேட்கவில்லை. "எது எதுன்னு சொல்லாத தம்பி. நா செவுத்துப் பக்கம் திரும்பிக்கிறேன். ஒவ்வொன்னா வாசி," என்றார். லங்காஸ்டர் ஆய்வாளர் கருங்கண்ணாடியாற் செய்ததை அவர் முக்காலியைத் திருப்பிப் போட்டுச் செய்துகொண்டார்.

அவன் மூன்றிலும் ஒரே சுரக்கோவையை வாசித்தான். பின் வரிசையை மாற்றி மீண்டும் வாசித்தான். முதியவர் இரு முறையும் தயங்கவில்லை.

"ஒன்னு தொண்டையில இருந்து பேசுது. மத்த ரெண்டும் நெஞ்சுல இருந்து பேசுது. அந்த ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியல. வெல என்ன வித்தியாசம்?"

விலையைக் கூறியதும் மூன்றாவதைக் கையால் ஒதுக்கினார். பின் இரண்டாவதை மடியில் வைத்து, முகப்பலகையை நடுவிரல் முட்டியால் இடம் மாற்றி மாற்றித் தட்டிக் காது கொடுத்தார். கிற்றார் செய்வோர் முகப்பலகையைச் சீவி மெலிதாக்கும்போது இவ்வாறே தட்டிப் பார்ப்பர் என்று பேரன் தன் குறிப்பேட்டில் எழுதியிருந்தான். அச்செயலை அவன் முன்னரும் எங்கோ கண்டிருக்கிறான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தீயின் அருகே, தப்பின் முகத்தில்.

"நல்ல சாமான். இது ஒத்தப் பலகையா? ஈரம் ஏறுனா என்ன ஆகும்?" என்று முதியவர் கடைக்காரரைக் கேட்டார்.

கடைக்காரர் நேர்மையாகவே விளக்கினார். தனிப்பலகை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, நார்களுக்குக் குறுக்காக விரியும், முகம் உப்பிக் குதிரையை உயர்த்தும், கம்பி எழும்பும், ஓசையும் மந்தமாகும். நெடுநாள் நனைந்தால் உட்சட்டத்தின் பசை விடவும் கூடும். நூற்றுக்கு 45 முதல் 55 வரையான ஈரப்பதன் இதற்கு ஏற்றது. ஒட்டுப்பலகையிலோ தகடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்படுவதால், ஒன்றின் விரிவை மற்றது தடுக்கும். ஓசை சற்றுக் குறைந்தாலும் உருவம் எளிதிற் கெடாது.

முதியவர் சிரித்தார். "நம்ம காம்பராவுல ஈரமில்லாத எடம் எங்கய்யா இருக்கு? ஆடி மாசத்துல தீப்பெட்டியே பத்தாது. தகரத்துல ஓட்ட, செவுத்துல ஊத்து. தப்புன்னா தீ காட்டிக்கலாம். இதுக்குத் தீ காட்ட முடியுமா?"

கடைக்காரர் அவரை உற்று நோக்கினார். "ஐயா தப்பு வாசிக்கிறவரா?"

முதியவர் ஒரு கணம் பேரனைப் பார்த்தார். பின், "இல்லீங்க. சும்மா கேள்வி ஞானந்தான்," என்றார்.

ஒட்டுப்பலகைக் கிற்றாரையே வாங்கினர். மிகுந்த பணம் தாயிடம் மீண்டது. அட்டன் பேருந்தில் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. தன் வாழ்நாள் அறிவைத் தன் பேரனின் கூச்சத்துக்காக ஒருவர் மறைத்த அச்சொற்கள், கினிகத்தேனையைக் கடந்த பின்னும் அவ்விளைஞனை விட்டு அகலவில்லை.

தேர்வு தவறவில்லை. மூன்று மழைக்காலங்கள் கடந்தும் அக்கிற்றாரின் கழுத்து நேராகவே உள்ளது. கம்பிகள் துருவேறினாலும் மாற்றிக்கொள்ளலாம். கட்டமைப்பில் குறை கூற இயலாது. ஆயினும் அதை வாசிக்கும்போதெல்லாம், கண்டியில் விட்டுவந்த அந்த இரண்டாவது கிற்றாரின் குரல் அவன் செவிக்குள் கேட்கின்றது. கையிலிருந்த பணம் அதற்கும் போதுமானதாயிருந்தது, போதாதது கூரை. உலகெங்கும் எழுதப்படும் ஒப்பீடுகள் மரத்தையும் ஓசையையும் வேலைப்பாட்டையும் விலையையும் நிரலிடுகின்றன. ஈரம் புகாத ஓர் அறை வாங்குவோனுக்கு இருக்கும் என்பதை அவை கேளாமலே எடுத்துக்கொள்கின்றன. வெள்ளையர் காலத்தில் எழுப்பிய லய வரிசைகளில் இன்றும் வாழும் குடும்பங்களுக்கு அவ்வறை இல்லை. நல்ல ஓசையைப் பிரித்தறியும் செவி அங்கே உண்டு. அவ்வோசையை வைத்துக் காக்க இடம் இல்லை.

அடுத்து வந்த மாசி மாதத்தில், தோட்டத்துக் காமன் கூத்தைக் காணப் பல்கலைக்கழக நண்பர் சிலர் வந்திருந்தனர். இஸ்தோப்பில் கிடந்த கிற்றாரை எடுத்து வாசித்த ஒருவன், "விலைக்கு மிஞ்சிய கருவியாக இருக்கிறதே, யார் தெரிந்தெடுத்தது?" என்று வினவினான். முற்றத்தில் மிலாற்றுத் தீ எரிந்துகொண்டிருந்தது. முதியவர் குந்தியிருந்து தப்பின் முகத்தை அதில் காட்டிக்கொண்டிருந்தார்.

"என் தாத்தா," என்றான் அவன். "அதோ இருக்கிறார். தப்படிப்பவர்."

முதியவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோலை ஒரு முறை சுண்டிக் கேட்டார். இன்னும் சிறிது நேரம் தீயில் காட்ட வேண்டியிருந்தது.